நான் அடைத்த ஓட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கொடைக்கானலில் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. நான் பிளம்பர். பெருமாள்மலையில் வீடு. இருபத்திரண்டு வருடமாக இந்த மலையில் குழாய் வேலை பார்க்கிறேன். ஏரிக்கரை பங்களாக்களிலிருந்து வட்டக்கானல் விடுதிகள் வரை நான் கை வைக்காத குளியலறை குறைவு. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: நான் அடைத்த ஒழுகல் மறுபடி ஒழுகியதில்லை. அந்தப் பெருமையில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அட்டுவம்பட்டியில் ஒரு பழைய இரண்டடுக்கு வீடு. கல் சுவர். மேல் மாடிக்கு மரப்பலகைத் தரை. கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். மேலே வாடகைக்கு இருந்தவர் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. போடிப் பக்கம். மாற்றலாகி மலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தனி ஆள். அவர்தான் எனக்கு போன் போட்டு, "அண்ணே, மீன் தொட்டிக்கு ஒரு சம்ப் செட் பண்ணணும், வர முடியுமா?" என்று கேட்டார்.

சம்ப் என்றால் எனக்குத் தரைக்கடியில் தோண்டும் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். மாடியில் எங்கே போய்த் தோண்டுவது என்று சிரித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஆறு தங்க மீன்கள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். ஒன்பது வருடமாக வளர்க்கிறாராம். போடியிலிருந்து இடம் மாறும்போது வாளியில் வைத்து, மடியில் இடுக்கிக்கொண்டு மலையேறி வந்தாராம்.

"வேலை முடிஞ்சு கதவைத் தெறந்தா, என்னையப் பாத்து ஓடி வர்ற சீவன் இதுக ஆறுந்தான்ணே" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார்.

இந்த மீன்கள் நிறைய அழுக்குப் பண்ணுமாம். அதனால் தொட்டிக்கு அடியில், மர அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. அதுதான் அவர் சொன்ன சம்ப். மேல் தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வழிந்து கீழே இறங்கும். கீழே பஞ்சிலும் கல்லிலும் புகுந்து சுத்தமாகும். ஒரு சின்ன மோட்டார் அதை இன்னொரு குழாய் வழியாக மேலே ஏற்றிவிடும். நாள் முழுக்க இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வில்லங்கம் கரண்ட் போகும்போது வருகிறது. கொடைக்கானல் மழைக்காலத்தில் எங்காவது ஒரு மரம் கம்பி மேல் சாயும், அரை நாள் கரண்ட் இருக்காது. மோட்டார் நின்றதும் ஏற்றுகிற குழாயிலேயே தண்ணீர் திரும்பி இறங்க ஆரம்பித்துவிடும். கேனிலிருந்து ட்யூப் வைத்து மண்ணெண்ணெயை உறிஞ்சிவிட்டால் தானாக வந்துகொண்டே இருக்குமே, அதே கதை. குழாயின் மேல்வாய் தொட்டிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரைக்கும் தண்ணீர் இறங்கும். கீழ்த் தொட்டியில் அவ்வளவுக்கும் இடம் இருக்காது, தரையில் வழியும். மரப்பலகைத் தரை, சந்து சந்தாக இருக்கும், நேராகக் கீழே சொட்டும். கீழே இருப்பது பியானோ.

முன்பிருந்த பழைய குழாயில் ஏற்கெனவே இரண்டு முறை சொட்டியிருந்தது. தொட்டியை நகர்த்தலாம் என்றால், அந்த எடையைத் தாங்கும் உத்தரம் ஓடுவது அந்த ஒரு சுவரோரம் மட்டும்தான். பியானோவை நகர்த்தலாம் என்றால், வெளிச்சுவர்களில் ஈரம் ஊறும். இரண்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது முறை ஒரு சொட்டு விழுந்தாலும் மீன்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வீடு பார்க்கலாம் என்றால், ஊரில் பாதி வீடு சுற்றுலாக்காரர்களுக்குத் தங்கும் விடுதியாகிவிட்டது. வட்டக்கானலில் ஒருவர் தன் விடுதி வாசலில் இருந்த திறந்த சிமெண்ட் தொட்டிக்கு இந்த மீன்களைக் கேட்டிருக்கிறார். கொடுத்தால் மீன்கொத்திக்கும் கொக்குக்கும்தான் விருந்து என்று மீன் வளர்க்கும் அந்த அம்மாவுக்குத் தெரியும். இந்தத் தடவை சரியாக வரவில்லை என்றால் வேறு வழி கிடையாது என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவர் வேலைக்குக் கிளம்பும் முன் என்னிடம் மூன்று பொருள்களைக் கொடுத்தார். வீட்டுச் சாவி. அளந்து வெட்டித் தயாராக வைத்திருந்த ஏற்று குழாய். ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் போட்ட படம். "எல்லாம் இதுல எழுதிருக்கேண்ணே, ஒரு தடவை படிச்சிட்டு மாட்டுங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, தாளை மடித்து சாமான் பைக்குள் வைத்தேன். எத்தனை வீட்டுப் படம் பார்த்தாச்சு.

மாட்டும்போதுதான் கவனித்தேன், அந்தக் குழாயின் மேல் வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை இருந்தது. பச்சைப் பட்டாணி உள்ளே போகும் அளவு. ஐயோ பாவம், வெட்டும்போது துளைபோடும் மிஷின் கை தவறிக் குத்திவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சொன்னால் சங்கடப்படுவார். நல்ல மனதோடுதான், கலந்தால் கல்லாக இறுகும் இரண்டு பசையைப் பிசைந்து, அந்த ஓட்டையை உள்ளும் புறமும் வழித்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டை இருந்த அடையாளமே இல்லாமல் பண்ணினேன். அதோடு விட்டேனா? தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு ஒன்று பையில் இருந்தது. விடுதிகளின் மேல்நிலைத் தொட்டிக்கெல்லாம் நான் போடுவது. அதையும் அவர் கேட்காமலேயே குழாயின் நடுவில் சேர்த்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் மோட்டாரை நிறுத்திக் காட்டினேன். வால்வு டக்கென்று பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு திரும்பி வரவில்லை. டீச்சரும் மேலே வந்து பார்த்தார்.

"இனிமே இங்கிருந்து ஒரு சொட்டு கீழ எறங்குச்சுன்னா, நான் இந்தச் சோலியவே விட்டுர்றேன் டீச்சர்" என்று சொன்னேன். சொல்லும்போது ரொம்ப நன்றாக இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். மழை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நான் அதே அட்டுவம்பட்டியில், நாலு வீடு தள்ளி, ஒரு குளியலறையில் வேலையாக இருந்தேன். மூன்று மணிக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"பிளம்பர், மேலருந்து தண்ணி வருது. பியானோ மேலயே வருது. அவங்க ஆபீஸுக்கும் போன் பண்ணிட்டேன். நீங்க இமீடியட்டா வாங்க."

ஓடினேன். பியானோ மேல் டீச்சர் ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்து வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். குடை மேல் பட் பட் என்று விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு கையால் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியை நீட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

மாடிக்கு ஓடினேன். அலமாரிக்குள் கீழ்த் தொட்டி தளும்பி வழிந்துகொண்டிருந்தது. மேல் தொட்டியில் பாதித் தண்ணீரைக் காணோம். வால்வைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் மெல்லத் திரும்பி ஓடுவது கைக்குத் தெரிந்தது. பிறகு கழற்றிப் பார்த்தபோது, பஞ்சுத் துணுக்கு ஒன்று அதன் வாயில் சிக்கிக் கதவை மூடவிடாமல் வைத்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அதற்கெல்லாம் ஏது பொழுது? அவசரத்தில் ஏற்று குழாயின் மேல்வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினேன். களக் என்று காற்றை இழுத்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். காற்று உள்ளே போனால் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கியதுமே அந்தக் காற்று தானாக உள்ளே போக ஒரு வழி இருந்திருந்தால்? என் பெருவிரல் அந்த இடத்தில்தான் இருந்தது. மழமழவென்று தேய்த்த பசை.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் முதலில் செய்தது, யாரும் வருவதற்குள் அந்தப் பசையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்ததுதான். ஸ்குரூ டிரைவரை வைத்தும் நெம்பினேன். அசையவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம்.

அதற்குள் அந்த அம்மா மழையில் நனைந்து ஓடி வந்தார். என்னையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார். ஆறு மீன்களும் பாதித் தண்ணீரில் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஓட்டம் நின்றதால் மூச்சுக்குக் காற்றுப் போதவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவும் முடியாது, அந்தக் குளிருக்கும் அதில் கலந்த மருந்துக்கும் மீன் தாங்காது என்றார். குளியலறைக் குவளை ஒன்றை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தார். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்றுக் கலக்குமாம். நானும் ஒரு குவளையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம்.

டீச்சர் மேலே வந்து வாசற்படியில் நின்றார். "ஐ ஆம் சாரி. சண்டேக்குள்ள இதுங்களை வேற எங்கயாவது குடுத்துடுங்க" என்றார்.

அந்த அம்மா ஊற்றுவதை நிறுத்தவில்லை. "சரிங்க டீச்சர். தப்பு என் மேலதான். எங்கயோ அளவு தப்பாப் போட்டுட்டேன்" என்றார்.

என் குவளை நடுவழியில் நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. என் பேர் கெடாது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மீனும் வட்டக்கானலுக்குப் போய்விடும். இந்த அம்மா, தன் கணக்குத்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே காலம் தள்ளுவார். ஒரு மூச்சு நேரம் நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"அவங்க அளவு தப்பில்ல டீச்சர்" என்றேன். "அவங்க போட்ட ஓட்டைய நாந்தான் அடைச்சுப்புட்டேன்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "தாள்ல எழுதிருந்தேனேண்ணே?"

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தபோது எப்படி மடித்திருந்தேனோ அதே மடிப்பு. அவர் பிரித்தார். குழாயின் வளைவுக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் 'காற்று ஓட்டை, அடைக்க வேண்டாம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. பார்த்துவிட்டுத் தாளை ஜன்னல் மேட்டில் வைத்தார். மறுபடி குவளையை எடுத்து மொள்ள ஆரம்பித்தார். என் காது சூடாகிவிட்டது.

டீச்சர்தான் பேசினார். "ஏன் நிறுத்துறீங்க? ஊத்துங்க பிளம்பர். ரெண்டு பேரும் ஒரே டெம்போல, ஒரே தாள வேகத்துல ஊத்துங்க, அவங்க ஒழுங்கா ஊத்துறாங்க, நீங்கதான் இழுக்குறீங்க." சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கரண்ட் வரும்வரை இரண்டரை மணி நேரம் ஊற்றினோம். ஆறும் பிழைத்தன.

கீழே இறங்கும்போது டீச்சரிடம் ஒரு வாரம் மட்டும் அவகாசம் கேட்டேன். நின்று யோசித்தார். "மெயின் சுவிட்ச் என் ரூம்லதான் இருக்கு" என்றார். "ஒரு வாரம், நான் எப்ப வேணாலும் ஆஃப் பண்ணுவேன். சொல்லிட்டுப் பண்ண மாட்டேன். ஒரு சொட்டு வந்தாலும் மீன் அவுட்." முப்பது வருடம் பரீட்சை வைத்தவர். வேறு எப்படிப் பேசுவார்?

மறுநாள் வெள்ளனே போய்விட்டேன். அந்த அம்மா லீவு போட்டிருந்தார். அன்றைக்கு அவர்தான் மேஸ்திரி, நான் கையாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாளை சுவரில் ஒட்டினோம். வால்வைக் கழற்றி எறிந்தேன். "உள்ள அசையுற சாமான நம்புனா என்னைக்காவது சிக்கும்ணே. ஓட்டையில சிக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார். சொல்லிவிட்டு அவரே, தொட்டியில் ஊரும் நத்தை ஓட்டையில் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்று யோசித்தார். புதுக் குழாயில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஓட்டைகள், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே. மோட்டார் ஓடும்போது அவற்றின் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும். அது தொட்டிக்குள்ளேயேதான் விழுகிறது, அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

பிறகு கீழ்த் தொட்டி. மோட்டாரை நிறுத்தி, மேலிருந்து இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்த பிறகு, கீழ்த் தொட்டியின் விளிம்புக்கு நாலு விரல் இடம் மிச்சம் இருக்கும்படி தண்ணீரை அளந்து விட்டார். மோட்டாரைப் போட்டதும் மட்டம் இறங்கி நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் ஊற்றுவது இந்தக் கோடு வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு குவளை கூடக் கூடாது. கரண்ட் போனால் தானே ஓடும் பேட்டரிக் காற்று மோட்டார் ஒன்றும் மேல் தொட்டிக்கு வந்தது. அதனால் குவளை வேலையும் மிச்சம். அணைத்துப் பார்த்தோம். மட்டம் ஒரு விரல் இறங்கியதும், களக். நின்றது. இருபது தடவை அணைத்திருப்போம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்தத் தடவை யாரிடமும் சவால் விடவில்லை.

டீச்சர் சொன்னபடி செய்தார். முதல் நாளே நாலு முறை. ஒருநாள், போட்ட ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி அணைத்தார். அந்த அம்மா இட்லி மாவு ஆட்டும்போது ஒரு முறை, இஸ்திரி போடும்போது ஒரு முறை. வியாழக்கிழமை ஒரு மரம் விழுந்து நிஜமாகவே பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றைக்கு டீச்சர் ஒவ்வொரு மணிக்கும் அண்ணாந்து கூரையைத் தடவிப் பார்த்ததாகச் சொன்னார். எட்டவில்லையாம், ஸ்டூல் போட்டு ஏறினாராம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். டீச்சர் மேலே வந்து, "நாட் எ ட்ராப்" என்றார். ஆறு மீன்களும் அவரைப் பார்த்துக் கண்ணாடிப் பக்கம் ஓடி வந்தன. "சாப்பாடு கேக்குதுங்களா, இல்ல என்னையத்தான் பாக்க வந்துச்சுங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா, ரெண்டுந்தான் என்றார். மீன்கள் அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கின்றன.

பியானோவைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இடது பக்கத்தில் இரண்டு கட்டைகள் ஈரத்தில் உப்பி, அமுக்கினால் எழும்பாமல் போயின. மதுரையிலிருந்து ஆள் வந்து சரி செய்ய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால், பிள்ளைகள் வாசிக்கிற சத்தத்தில் அந்த இரண்டு இடம் வரும்போதெல்லாம் நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவேன். டீச்சர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அந்த அம்மாவோ, தன் ஆபீஸில் வேலை பார்க்கிற மூன்று பேர் வீட்டுக்கு என்னையே அனுப்பி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது, அந்த அம்மா படியில் நின்று ஒன்று கேட்டார். "தப்பா எடுத்துக்கிறாதீங்கண்ணே. அந்த ஓட்டையப் பாத்தப்ப என்ன நெனச்சீங்க?"

"கை தவறிப் பட்டுருச்சுன்னு நெனச்சேன் மேடம்."

"மூணு தடவை அளந்து, பென்சில்ல குறிச்சுட்டுப் போட்டதுண்ணே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதே ஓட்டைய வேறொரு பிளம்பர் போட்டிருந்தா, ஏன்னு கேட்டிருப்பீங்களா?" என்றார்.

மழை வருகிறது, வெரசா போகணும் என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் எந்தக் குழாயில் கை வைத்தாலும், அதில் யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள், எதற்குச் செய்தார்கள் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்ட பிறகுதான் பையைத் திறக்கிறேன். பெண்கள் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு வருடமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்: கேட்டிருப்பேன் மேடம், பசையைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டிருப்பேன்.